ஹாட் ராடுக்கு எந்த மஃப்ளர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கக் காரின் எடையைக் குறைத்து, என்ஜினைத் தேற்றி, வேகத்துக்காகக் கட்டினால் அது ஹாட் ராட். பெரும்பாலும் 1928-க்கும் 1948-க்கும் இடையில் வந்த ஃபோர்டுகளைத்தான் இப்படிக் கட்டுவார்கள். என்னிடம் இருப்பது 1931 மாடல் ஏ கூப், அதாவது கூரை மூடிய இரண்டு கதவு ஃபோர்டு. உள்ளே உட்கார்ந்திருப்பது 59ஏபி வகை ஃபிளாட்ஹெட் வி8, பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் நிற்கும் பழைய ஃபோர்டு என்ஜின். தெற்கு கலிஃபோர்னியாவில் ஓட்டுகிறேன். இதுவரை மூன்று ஜோடி மஃப்ளர் மாற்றியாகிவிட்டது. முதல் இரண்டு ஜோடியும் என் அவசரத்தால் வீணானவை. வண்டி வாங்கப் போகிறவர்களும் வாங்கிவிட்டுத் தவிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மஃப்ளர் என்பது நம் ஊர் சைலன்சர்தானே?

அதேதான். நமக்கு மஃப்ளர் என்றால் மார்கழிக் குளிரில் தலையையும் கழுத்தையும் சுற்றிக்கொள்ளும் துணி. அமெரிக்கர்கள் சைலன்சரை அப்படிச் சொல்கிறார்கள். என்ஜின் வாயைத் துணியால் பொத்துவது போல என்று நினைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுதான். வேலையும் அவ்வளவே: புகையைத் தடையில்லாமல் வெளியே விட வேண்டும், சத்தத்தை மட்டும் பிடித்து வைக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பதால்தான் இத்தனை வகை.

எந்த பிராண்டு வாங்கட்டும்?

முதல் கேள்வியே இதுவாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். மஃப்ளர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். என்ஜின் எது, குழாய் எத்தனை அங்குலம், வண்டிக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு தூரம் ஓட்டப் போகிறீர்கள் என்ற நான்கும் தெரிந்த பிறகு பார்த்தால், கடையில் இருக்கும் ஐம்பது வகையில் மூன்றோ நான்கோதான் மிஞ்சும். அதில் எதை எடுத்தாலும் பெரிய தவறு நடக்காது. நான் முதலில் பளபளவென்று இருந்த ஒரு ஜோடியை வாங்கி வந்துவிட்டு, அதற்கு இடம் தேடிச் சேசிஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். இடம் கிடைக்கவில்லை.

ஃபிளாட்ஹெட் சத்தம் மற்ற வி8 போல ஏன் இல்லை?

ஃபோர்டு இந்த என்ஜினை 1932-இல் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத் திறன். அமெரிக்காவில் 1953 வரை கார்களில் வந்தது. இதில் வால்வுகள் என்ஜினின் மேல்மூடியான தலையில் (ஹெட்) இல்லை, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கிலேயே இருக்கின்றன. அதனால் எரிந்த புகை பிளாக்கின் உள்ளே, தண்ணீர் ஓடும் அறைகளை ஒட்டிச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். ஃபிளாட்ஹெட் சீக்கிரம் சூடாகிவிடும் என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று, ஒரு பக்கம் நான்கு சிலிண்டர் இருந்தாலும் புகை வரும் வாய் மூன்றுதான். நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்கின்றன.

இதோடு எரியும் வரிசையையும் சேர்த்துப் பாருங்கள்: 1-5-4-8-6-3-7-2. ஒன்று முதல் நான்கு வரை வலப்பக்கம், ஐந்து முதல் எட்டு வரை இடப்பக்கம். வலப்பக்கக் குழாயில் மட்டும் காதை வைத்தால், வெடிப்புகளுக்கு நடுவில், என்ஜின் தண்டு சுழலும் கணக்கில், 180, 270, 180, 90 டிகிரி என்று இடைவெளி மாறி மாறி வரும். நொண்டி நொண்டி நடக்கிற தாளம். எட்டும் சீராக 90 டிகிரிக்கு ஒருமுறை எரிந்தாலும், குழாயை இரண்டாகப் பிரித்ததும் ஒவ்வொரு பக்கமும் இப்படித் தத்தித் தத்திப் பேசும். அந்த 'குபுகுபு' சத்தத்தின் ரகசியம் இதுதான். பிற்கால அமெரிக்க வி8-களிலும் இந்தத் தத்தல் உண்டு. ஆனால் ஃபிளாட்ஹெட்டில் புகை நீண்ட, சூடான வழியாக வருவதால் கூர்மை மழுங்கி, தொண்டை கட்டிய குரல் போல வருகிறது. இந்தக் குரலை முழுக்க அடக்கும் மஃப்ளரை மாட்டுவது, நாதஸ்வரத்தில் சீவாளியைக் கழற்றிவிட்டு ஊதுவது போல. நல்லதில்லை.

என்னென்ன வகை இருக்கிறது?

மூன்று குடும்பங்கள்.

முதலாவது கிளாஸ்பேக். நேராக ஒரு குழாய், அதன் உடம்பெல்லாம் துளைகள், அதைச் சுற்றிக் கண்ணாடி இழை, வெளியே ஒரு உருளை. புகை நேராகப் போகிறது, சத்தம் பக்கவாட்டில் துளை வழியாக நழுவி இழையில் சிக்கிச் சூடாக மாறிவிடுகிறது. இழைக்குக் கீச்சென்ற சத்தத்தைப் பிடிக்கத் தெரியும், அடித்தொண்டைச் சத்தத்தைப் பிடிக்கத் தெரியாது. அதனால் வெளியே வருவது கரகரப்பு நீங்கிய உறுமல். நீளம் கூடக் கூட அமைதி. 12 அங்குலத்தில் ஒன்றை மாட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும், 30 அங்குலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மன்னித்துவிடுவார். சிவப்பு வண்ணம் பூசிய செர்ரி பாம் இந்தக் குடும்பம்தான், 1968 முதல் விற்பனையில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குப் பதில் எஃகுப் பஞ்சு அடைத்தால் ஸ்டீல்பேக் என்பார்கள். சீக்கிரம் கரையாது.

துளைக்குப் பதிலாக உள்குழாயில் சின்னச் சின்னச் செதில்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ரகமும் உண்டு. அதை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்துச் சத்தம் மாறும். செதில் புகை வரும் திசையைப் பார்த்திருந்தால் சத்தம் குறையும், தடை கூடும். திருப்பினால் நேர்மாறு. உருளையில் அம்புக்குறி இருந்தால் அதன்படி மாட்டுங்கள்.

இரண்டாவது அறை வைத்த மஃப்ளர். பஞ்சு எதுவும் கிடையாது. உள்ளே தகடுகளை நிறுத்தி அறைகளாகப் பிரித்திருப்பார்கள். சத்த அலை தகட்டில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1983-இல் ரே ஃபிளக்கர் தொடங்கிய ஃப்ளோமாஸ்டர் இதில் பேர் பெற்றது. சத்தம் கணீரென்று, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். செவர்லேயின் 350 கன அங்குல வி8 போட்ட வண்டிக்குப் பொருந்தும். என் காதுக்கு ஃபிளாட்ஹெட்டில் இது ஒட்டவில்லை, 1970-களின் காரை 1940-களின் உடைக்குள் நுழைத்தது போல இருக்கிறது. இதை ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு நிறைய பேர்.

மூன்றாவது டர்போ மஃப்ளர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இதில் டர்போ எதுவும் சுழலாது. 1962-இல் செவர்லே கோர்வேர் மான்சா ஸ்பைடரில் டர்போசார்ஜர் வந்தபோது, அதற்காகத் தடை குறைவான ஒரு மஃப்ளரை வைத்தார்கள். ஹாட் ராட்காரர்கள் அதை மட்டும் கழற்றித் தங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டார்கள், பெயரும் ஒட்டிக்கொண்டது. உள்ளே புகை துளைக்குழாய்கள் வழியாக முன்னும் பின்னும் வளைந்து போகும். மூன்றில் நாகரிகமானது இது. மனைவி, குழந்தைகளோடு நெடுந்தூரம் போகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஒரே குறை, தட்டையாக அகலமாக இருப்பதால் மாடல் ஏ சேசிஸில் இடம் தேட வேண்டும்.

குழாய் எத்தனை அங்குலம் போடலாம்?

என்ஜின் கட்டுபவர்களிடம் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. ஒரு குதிரைத் திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி புகை போக வழி வேண்டும். நேரான குழாயில் ஒரு சதுர அங்குல உள்பரப்பு வழியாகச் சுமார் 115 கன அடி போகும்.

என் 59ஏபி-க்குக் கணக்குப் போடுவோம். 239 கன அங்குலம், 100 குதிரைத் திறன். அப்படியானால் 220 கன அடி வேண்டும். 1.75 அங்குலக் குழாயின் தகட்டுத் தடிமனைக் கழித்தால் உள்விட்டம் 1.62 அங்குலம், பரப்பு சுமார் 2.06 சதுர அங்குலம். பெருக்கினால் 237 கன அடி. கவனித்தீர்களா? ஒரே ஒரு குழாய் போதும்! பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் இடம் தாராளமாக மிஞ்சுகிறது. ஆனாலும் கடையில் போய் நின்றால் இரண்டரை அங்குலம் போடுங்கள் என்பார்கள். பெரிய குழாய் போட்டால் இந்த என்ஜினுக்குத் திறன் கூடாது, குரல்தான் காலிப் பீப்பாயில் பேசுவது போல மாறும்.

300 குதிரைத் திறன் உள்ள 350 செவர்லேக்கு 660 கன அடி வேண்டும். இரண்டு 2 அங்குலக் குழாய்கள் 630 சொச்சம் தரும், மயிரிழையில் குறைவு. இரண்டேகால் அங்குலம் என்றால் 800-ஐத் தாண்டிவிடும். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மஃப்ளரின் வாயும் குழாயின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் குறுக்கினால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

'பேக் பிரஷர்', அதாவது புகைக்குத் தடை, கொஞ்சம் இருந்தால்தான் என்ஜின் இழுக்கும் என்கிறார்களே?

தடை எந்த என்ஜினுக்கும் உதவுவதில்லை. குழாய் அளவோடு இருந்தால் புகை வேகமாகப் போகும், அந்த வேகம் குறைந்த சுழற்சியில் அடுத்த புகையை இழுத்துவிடும். சிறிய குழாயில் நன்றாக இழுத்ததைப் பார்த்தவர்கள் பெருமையைத் தடைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்படியென்றால் இரட்டைக் குழாய் எதற்கு?

சத்தத்துக்காக. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இரண்டு பக்கத்துப் புகையும் குறுக்குக் குழாய் வழியாகச் சேர்ந்து, ஒற்றைக் குழாயாகப் பின்னால் போயின. எட்டும் சேர்ந்ததும் தத்தல் மறைந்து சீரான முனகலாகிவிடும். ஹாட் ராட்காரர்கள் செய்த முதல் காரியம் அந்தக் குறுக்குக் குழாயை அடைத்துவிட்டு இரண்டையும் பிரித்ததுதான். திறன் கூட்டிய என்ஜினில் அதனால் கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் காதுக்குக் கிடைப்பதே அதிகம்.

இரண்டு குழாய்களுக்கும் நடுவில் ஒரு குறுக்குப் பாலம் வைப்பதும் உண்டு. எச் வடிவில் வைத்தால் சத்தம் தணிந்து ஆழமாகும். எக்ஸ் வடிவில் இரண்டையும் கலந்துவிட்டால் சீராகி, கொஞ்சம் உயர்ந்த சுருதிக்குப் போகும். பந்தயக்கார் வாடை அடிக்கும். பழைய குரல் வேண்டுமென்றால் பாலமே வேண்டாம்.

வண்டிக்கு அடியில் எங்கே மாட்டுவது?

இந்த இடத்தில்தான் பணமும் பொறுமையும் கரையும். 1932 ஃபோர்டின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம்) 106 அங்குலம், மாடல் ஏ-க்கு 103.5. அதற்குள் கியர்பாக்ஸ், குறுக்குச் சட்டங்கள், பிரேக் கம்பிகள், பேட்டரி எல்லாம் இருக்கின்றன. பின்னால் அச்சுக்கு மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை வில் (ஸ்பிரிங்). அச்சு மேலே எழும்பும்போது குழாயில் இடிக்காமல் இருக்க வேண்டும். மாடல் ஏ-யில் பெட்ரோல் டேங்க் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும். 1932-இல் அதைப் பின்னால் கொண்டு போய்விட்டார்கள், ஆகவே அந்த வண்டியில் குழாய் முனைகள் டேங்குக்கு எட்டத் தள்ளியே போக வேண்டும்.

நான்கு அங்குல விட்டமுள்ள உருட்டு கிளாஸ்பேக் இத்தனை வருடமாக ஹாட் ராடில் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் சத்தம், இன்னொரு காரணம் அது எந்தச் சந்திலும் நுழையும் என்பது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பழைய வண்டிக்கு ஹைட்ராலிக் பிரேக் மாற்றியவர்கள் பெரும்பாலும் பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத் தரைக்கு அடியில், இடப்பக்கம், ஓட்டுநர் காலுக்குக் கீழே வைக்கிறார்கள். இடப்பக்கக் குழாயும் அதே வழியாகத்தான் வருகிறது. என் இரண்டாவது ஜோடியை மாட்டியபோது மஃப்ளர் அதிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் இருந்தது. ஒரு ஆகஸ்ட் மதியம், நெரிசலில் நாற்பது நிமிடம் ஊர்ந்த பிறகு பெடல் பஞ்சு போல உள்ளே போனது. பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. கை பிரேக்கைப் பிடித்து ஓரம் கட்டினேன். மறுநாளே மஃப்ளரைப் பின்னால் தள்ளி, நடுவில் இடைவெளி விட்டு ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வைத்தேன். உங்கள் வண்டியில் தரை மரப்பலகையாக இருந்தால், மஃப்ளருக்கு மேலேயும் அப்படி ஒரு தகடு கட்டாயம்.

உயரத்துக்கும் ஒரு விதி உண்டு. ஒரு டயர் முழுக்கக் காற்றிறங்கி வண்டி ரிம்மின் மீது நின்றாலும், எந்தப் பாகமும் தரையைத் தொடக்கூடாது. நூலை எடுத்து, ஒரு ரிம்மின் அடியிலிருந்து எதிர்மூலை ரிம்மின் அடி வரை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். மஃப்ளர் நூலைத் தொட்டால் மேலே ஏற்றியே ஆக வேண்டும்.

நெடுஞ்சாலையில் போனால் தலைக்குள் 'உம்ம்ம்' என்று ரீங்காரம். மஃப்ளர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. வி8 என்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓட்டினால் வினாடிக்கு 133 வெடிப்பு, அதாவது 133 ஹெர்ட்ஸ். மூடிய கூபின் தகடுகளும் கூரையும் அதற்குப் பக்கத்தில் அதிர ஆரம்பித்தால், நீங்கள் உட்கார்ந்திருப்பது தவிலுக்குள். வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் மறையும், பழைய வேகத்துக்கு வந்தால் திரும்பும்.

முதலில் குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர்களைப் பாருங்கள். குழாய் எங்காவது சேசிஸை நேராகத் தொட்டால் அதிர்வு முழுவதும் உள்ளே வரும், ரப்பர் வழியாகத் தொங்க வேண்டும். அது சரியாக இருந்தும் தீராவிட்டால், மஃப்ளருக்குப் பக்கத்தில் முனை மூடிய ஒரு கிளைக்குழாயை வெல்டு செய்யலாம். அலை அதற்குள் போய் முட்டித் திரும்பி, வருகிற அலையை அழிக்கும். நீளம் அலையின் கால்பங்கு. சூடான புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும் என்று வைத்தால், 133 ஹெர்ட்ஸுக்கு 94 சென்டிமீட்டர், ஏறக்குறைய 37 அங்குலம். மாடல் ஏ அடியில் அதற்கு இடம் தேடுவது தனி வித்தை. நான் செய்யவில்லை, கூரைக்குள் கனமான துணிப் பட்டை ஒட்டினேன், பாதி குறைந்தது.

லேக் பைப் வைக்கலாமா?

கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில்தான் இந்த வேக விளையாட்டு வளர்ந்தது. அங்கே பந்தயம் நடத்தும் எஸ்சிடிஏ சங்கம் 1937-இல் தொடங்கியது. லேக் பைப் என்பது மஃப்ளருக்கு முன்னாலேயே பக்கவாட்டில் பிரியும், மூடி போட்ட குழாய். ஏரியை அடைந்ததும் அதன் மூடியைக் கழற்றிவிட்டால், புகை மஃப்ளர் பக்கமே போகாமல் நேராக வெளியேறும். வீடு திரும்பும்போது மூடியைத் திருகிவிட வேண்டும். லேக் பைப் என்ற பெயர் அந்த ஏரிகளிலிருந்து வந்தது. பார்க்க அழகுதான். ஆனால் மூடிக்குக் கீழே கேஸ்கட் சரியில்லாவிட்டால் கசியும் புகை நேராகக் கதவோரம் வரும், ஆக்சிலேட்டரை விடும்போது படபடவென்று வெடிக்கும். அலங்காரத்துக்கு வைப்பவர்கள் உள்ளேயே அடைத்துவிடுவது நல்லது.

போலீஸ் நிறுத்துவார்களா?

சில மாநிலங்களில் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் நிறுத்துவார்கள். 1975-உம் அதற்கு முந்தையதுமான கார்களுக்கு அங்கே புகைச் சோதனை கிடையாது. அதைக் கேட்டுவிட்டுச் சத்தத்துக்கும் விலக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை. வாகனச் சட்டம் 27150-இன்படி மஃப்ளர் இருந்தே ஆக வேண்டும், மஃப்ளரைத் தவிர்த்துப் புகைவிடும் திறப்பும் கூடாது. 27151-இன்படி 6,000 பவுண்டுக்குக் குறைவான காருக்கு 95 டெசிபல்தான் எல்லை. முனையிலிருந்து 20 அங்குலத் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் மைக் வைத்து அளப்பார்கள்.

எந்த உலோகம் நல்லது?

பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு காலன் எரித்தால் ஏறக்குறைய ஒரு காலன் தண்ணீர். நீண்ட பயணத்தில் ஆவியாகிப் போய்விடும். வாரம் ஒருமுறை காபிக் கடை வரை போய்வரும் வண்டியில் மஃப்ளருக்குள்ளேயே தங்கி அரிக்கும். சாதாரண எஃகு மலிவு, சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியம் பூசிய எஃகு பெரும்பாலானோருக்குப் போதும். காசு இருந்தால் 304 ஸ்டெயின்லெஸ், அதாவது வீட்டில் நாம் எவர்சில்வர் என்று சொல்லும் குடும்பம். மஃப்ளரின் தாழ்ந்த மூலையில் ஊசி முனை அளவு துளை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

குழாய் முனை பின்சக்கரத்துக்கு முன்னாலேயே முடியலாமா?

வேண்டாம். பழைய வண்டித் தரையில் ஓட்டை இல்லாத இடம் இருக்காது. ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று உள்ளேயே வரும், கூபின் பின்கண்ணாடியைத் திறந்தால் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குழாய் முனை வண்டியின் உடலைத் தாண்டிப் பின்னால் முடியும்படி வையுங்கள். தலைவலியோடு வீடு திரும்பினால் அதை வெயில் மேல் போடாதீர்கள்.

கிளாஸ்பேக் வாங்கியபோது இருந்ததைவிட இப்போது அதிகம் கத்துகிறதே?

இழை கொஞ்சம் கொஞ்சமாக எரிந்தும் பறந்தும் போகிறது. மஃப்ளரின் உடம்பைத் தட்டிப் பாருங்கள்: மொத்தென்று கேட்டால் இழை இருக்கிறது, டங்கென்று கேட்டால் போய்விட்டது. அந்தக் காலத்துப் பையன்களுக்கு இப்படிக் 'கனிந்த' மஃப்ளர்தான் விருப்பம். வாங்கும்போது உங்களுக்குப் பிடித்ததைவிட ஒரு படி அமைதியானதை எடுங்கள், இரண்டு வருடத்தில் அதுவே மேலே ஏறி வரும்.

பழைய பொருள் சந்தையில் அந்தக் கால மஃப்ளர் பிராண்டான ஸ்மித்தீஸ் அசலாகக் கிடைத்தால் வாங்கலாமா?

சுவரில் மாட்டி வைக்க வாங்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் அந்தப் பெயருக்கு இன்னும் மரியாதை உண்டு. எழுபது வருடத் தகட்டைச் சாலையில் ஓட்டுவது வேறு விஷயம்.

வீடியோவில் சத்தம் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாமா?

போன் மைக் சத்தத்தைத் தானே தட்டிச் சமன் செய்துவிடும், அடித்தொண்டைச் சத்தம் அதில் சரியாகப் பதிவதில்லை. அதைவிட, ஞாயிற்றுக்கிழமை காலை ஹாட் ராடுகள் கூடும் ஏதாவது வாகன நிறுத்தத்துக்குப் போங்கள். உங்கள் என்ஜினும் உங்கள் கூரையும் உள்ள வண்டியாகப் பார்த்து, சொந்தக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். பின்னால் நின்று கேட்டால் எல்லா மஃப்ளரும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு சுற்று ஏற்றிப் போகச் சொல்லிக் கேளுங்கள், நெடுஞ்சாலை வரை. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அவர்களும் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். நான் மூன்றாவது ஜோடியை, 26 அங்குல ஸ்டீல்பேக்கை, அப்படித்தான் முடிவு செய்தேன்: ஒரு பெரியவரின் 1934 கூபில், முக்கால் மணி நேரம், குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே போய்வந்த பிறகு.